‘லஸ்ஸன்’னுக்கு ‘விடு’ போதுமா?

ஜெர்மன் படிக்கும் தமிழர்கள் முதல் ஆண்டிலேயே முட்டிக்கொள்ளும் வாக்கியம் ஒன்று உண்டு. ‘டெர் லேரர் லெஸ்ட் டீ ஷ்யூலர் ஷ்ரைபன்.’ டெர் லேரர் என்றால் ஆசிரியர், டீ ஷ்யூலர் மாணவர்கள், ஷ்ரைபன் எழுதுதல். நடுவில் நிற்கும் ‘லெஸ்ட்’, லஸ்ஸன் என்ற வினையின் படர்க்கை ஒருமை. அகராதியைப் புரட்டினால் முதல் பொருள் ‘விடு, அனுமதி’ என்றிருக்கும். கொஞ்சம் கீழே போனால் ‘செய்ய வை, செய்யச் சொல்’ என்று இன்னொன்று இருக்கும். ஆக, ஆசிரியர் மாணவர்களை எழுத விடுகிறாரா, எழுத வைக்கிறாரா? தமிழ்க் காதுக்கு இரண்டும் எதிரெதிர். ஒன்று கதவைத் திறந்துவிடுவது, மற்றது காதைத் திருகி உட்காரவைப்பது. ஜெர்மன்காரர்களிடம் கேட்டால், இதில் என்ன குழப்பம் என்பதுபோல் பார்ப்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள்கூட விடுவதற்கு ‘லெஸ்ஸே’, செய்ய வைப்பதற்கு ‘ஃபேர்’ என்று இரண்டு வினைகளை வைத்திருக்கிறார்கள். அனுமதிக்கும் கட்டளைக்கும் ஒரே வினையை வைத்துக்கொண்டு ஒரு மொழி எப்படிப் பிழைக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை முழுக்க உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி.

வடிவங்களை முதலில் முடித்துவிடலாம். நிகழ்காலத்தில் தன்மை ‘இஷ் லஸ்ஸெ’, முன்னிலை ‘டூ லெஸ்ட்’, படர்க்கையும் அதே ‘லெஸ்ட்’. இறந்தகாலம் ‘லீஸ்’, எச்சம் ‘கெலஸ்ஸன்’. உயிரொலியை மாற்றிக் காலம் காட்டும் பழைய வலுவினைகளில் ஒன்று இது. நிகழ்காலத்தில் உயிர் குறில், ‘லீஸ்’ மட்டும் நெடில். 1996-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு குறிலை அடுத்து இரண்டு எஸ், நெடிலை அடுத்து எஸ்ட்ஸெட் (ß என்ற ஜெர்மன் எழுத்து) என்று ஆனதால், ‘லெஸ்ட்’ இரட்டை எஸ்ஸுக்கு மாறியது, ‘லீஸ்’ பழைய எஸ்ட்ஸெட்டிலேயே நிற்கிறது. பழைய புத்தகத்தில் இரண்டும் எஸ்ட்ஸெட்டில் இருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். சுவிட்சர்லாந்தில் எஸ்ட்ஸெட்டே கிடையாது, எல்லாம் இரட்டை எஸ்தான்.

தமிழ் சொல்லிக்கொடுக்கும் பாதி

இந்த வினையின் பாதிப் பொருளை நாம் படிக்கவே வேண்டாம், ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. ஜெர்மன் தேநீர்ப் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்: ‘3–5 மினூட்டன் ட்ஸீயன் லஸ்ஸன்.’ ட்ஸீயன் என்றால் இழுத்தல். இலை தன் சாற்றை நீருக்குள் இழுத்துக்கொடுக்கும் வரை சும்மா இருங்கள் என்கிறது. நம் சமையல் குறிப்பில் ‘ஐந்து நிமிடம் ஊற விடவும்’ என்று எழுதுவோமே, அதே கட்டமைப்பு, அதே வினை. கொதிக்க விடு என்பதற்கு ‘கோஹன் லஸ்ஸன்’, ஆற விடு என்பதற்கு ‘அப்கூலன் லஸ்ஸன்’, நீர் வடிய விடு என்பதற்கு ‘அப்ட்ரோஃப்ஃபன் லஸ்ஸன்’. ஈஸ்ட் மாவுக்கு ‘கேயன் லஸ்ஸன்’, அதாவது மாவைப் போக விடு. நாம் பொங்க விடு என்போம், ஜெர்மன்காரர்கள் மாவை நடக்க விடுகிறார்கள்.

மாவையே கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்க்கலாம், ஏனென்றால் லஸ்ஸன் என்ன செய்கிறது என்பது அங்கே தெரியும். ஜெர்மன் கடையில் பச்சை ஈஸ்ட் 42 கிராம் கட்டியாக விற்கும். அரைக் கிலோ மாவுக்கு அதில் பாதி போதும். 250 மில்லி பால், கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே. ஈஸ்ட்டை அதில் கரைத்து, மாவில் குழி பறித்து ஊற்றி, சர்க்கரையும் உருக்கிய வெண்ணெயும் சேர்த்துப் பத்து நிமிடம் பிசைய வேண்டும். இதுவரை எல்லாமே கைவேலை. குறிப்பில் வரும் வினைகளும் கரை, ஊற்று, பிசை என்று நேரடியானவை. அதன்பின் துணி போட்டு மூடி, கதகதப்பான இடத்தில் ஒரு மணி நேரம் ‘கேயன் லஸ்ஸன்’. அந்த இடத்தில் வாக்கியத்தின் எழுவாய் கையைக் கழுவிக்கொள்கிறது. மாவு இரண்டு மடங்காவது ஈஸ்ட்டின் வேலை. பால் சூடாகிப்போனால் ஈஸ்ட் செத்துவிடும், அப்புறம் எத்தனை மணி நேரம் விட்டாலும் மாவு எழும்பாது. விட்டது சமைத்தவர், எழும்பாதது மாவு, திட்டு வாங்குவதோ சமைத்தவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நீதிமன்றத்தில் தேவைப்படும். (உருக்கிய வெண்ணெய் என்றேனே, அதற்கும் ஜெர்மன் குறிப்புகளில் ‘ட்ஸெர்லஸ்ஸன்’ என்றுதான் இருக்கும். வெண்ணெயை அதன் போக்கில் உருகிப் பரவ விடுவது.)

அடுப்படியை விட்டு வெளியே வந்தாலும் ஒற்றுமை தொடர்கிறது. பட்டம் விடுவது ‘ட்ராஹன் ஷ்டைகன் லஸ்ஸன்’, பட்டத்தை ஏற விடு. உயிரை விட்டான் என்பது ‘ஸைன் லேபன் லஸ்ஸன்’. காற்று விடுவதற்கு, அந்தக் காற்றுக்குத்தான், ‘ஐனன் ஃபாரன் லஸ்ஸன்’, ஒன்றைப் போக விட்டான். ஓட்டலில் பில் வந்ததும் ‘லஸ் மால், இஷ் ட்ஸாலெ’ என்பார்கள். நம் ‘விடுங்க, நான் குடுக்கிறேன்’ வார்த்தைக்கு வார்த்தை. ‘லஸ் மிஷ் இன் ரூஎ’ என்றால் என்னை நிம்மதியா விடு. ‘லஸ் கூட் ஸைன்’ என்றால் விடப்பா, போகட்டும். இவ்வளவு தூரம் ஒத்துப்போகும்போது தமிழர் அசட்டையாகிவிடுவது இயல்பு, அங்கேதான் முதல் குழி. சாம்பாரில் தண்ணீர் விடுகிறோம், தோசைக்கு எண்ணெய் விடுகிறோம் என்று நினைத்து ‘வஸ்ஸர் லஸ்ஸன்’ என்று சொன்னால், கேட்பவருக்கு அது சிறுநீர் கழிப்பது. மருத்துவமனையில் மட்டும் அது மிக மரியாதையான சொல், மருத்துவர் அப்படித்தான் கேட்பார். ஊற்றுவதற்கு ‘கீஸன்’, தொட்டியில் நீர் நிரப்புவதற்கு ‘ஐன்லஸ்ஸன்’.

முடிவெட்டு

இப்போது தமிழ் கைகொடுக்காத பாதி. ‘முடி வெட்டினேன்’, ‘சட்டை தைச்சேன்’, ‘வண்டிய சர்வீஸ் பண்ணினேன்’ என்று சாதாரணமாகச் சொல்கிறோம். வெட்டியது சலூன்காரர், தைத்தது தையல்காரர் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பழக்கத்தோடு ‘இஷ் ஹாபெ மீர் டீ ஹாரெ கெஷ்னிட்டன்’ என்று சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவரின் கண் உடனே உங்கள் பின்தலைக்குப் போகும். நீங்களே கத்தரிக்கோலை எடுத்து வெட்டிக்கொண்டதாகத்தான் அதற்குப் பொருள். வேறொருவர் கை வேலை செய்தது என்றால் லஸ்ஸன் வந்தே தீர வேண்டும்: ‘இஷ் லஸ்ஸெ மீர் டீ ஹாரெ ஷ்னைடன்.’ ஊசி போட்டுக்கொள்வது ‘ஸிஷ் இம்ஃபன் லஸ்ஸன்’, விவாகரத்து வாங்குவது ‘ஸிஷ் ஷைடன் லஸ்ஸன்’. பிரித்துவைப்பது நீதிமன்றம் என்பதால் அங்கேயும் லஸ்ஸன். மருத்துவரிடம் விடுப்புச் சீட்டு வாங்குவது ‘ஸிஷ் க்ராங்க்ஷ்ரைபன் லஸ்ஸன்’. சான்றிதழை மொழிபெயர்த்து வாங்குவது, நகலுக்குச் சான்றொப்பம் வாங்குவது, பனிக்காலத்துக்கு டயர் மாற்றுவது எல்லாம் இப்படியே. ஜெர்மனியில் குடியேறுபவர் முதல் ஆறு மாதத்தில் செய்யும் காரியங்களை ஒரு பட்டியல் போட்டால் பாதிக்கு மேல் லஸ்ஸன் போட வேண்டியதுதான், ஏனென்றால் அவற்றில் எதையும் அவர் தன் கையால் செய்வதில்லை. விதிவிலக்கும் உண்டு: வீடு கட்டியதை ‘விர் ஹாபன் கெபவுட்’, நாங்கள் கட்டினோம் என்று அவர்களும் கொத்தனாரை மறந்துவிட்டுச் சொல்வார்கள். வீட்டுக்கடன் கட்டுகிறவருக்கு அந்தச் சலுகை போலும்.

இந்த வாக்கியத்தைக் கட்டும்போது கவனிக்க வேண்டியது முதலில் ‘மீர்’ என்ற இடத்தில். வெட்டப்படுவது முடி, அது செயப்படுபொருள். எனக்கு என்ற நான்காம் வேற்றுமையில் ‘மீர்’. ஆனால் பரிசோதிக்கப்படுவது நானே என்றால் என்னை என்ற இரண்டாம் வேற்றுமையில் ‘மிஷ்’: ‘இஷ் லஸ்ஸெ மிஷ் உன்டர்ஸூஹன்.’ வேறு செயப்படுபொருள் இருந்தால் மீர், நானே செயப்படுபொருள் என்றால் மிஷ். செய்து தருபவரைச் சொல்ல வேண்டுமென்றால் ‘ஃபோம் மெஹானிக்கர்’ என்று ‘ஆல்’ உருபுபோல ஒட்டிக்கொள்ளலாம். அவரையும் இரண்டாம் வேற்றுமையில் வைத்தால், வண்டியை, மெக்கானிக்கை என்று இரண்டு ‘ஐ’ வந்து வாக்கியம் தள்ளாடும். இலக்கணப்படி சரி, காதுக்குச் சுமை.

இறந்தகாலத்தில்தான் பெரிய சறுக்கல். முழுவினையாக நிற்கும்போது எச்சம் ‘கெலஸ்ஸன்’ என்று ஒழுங்காக வரும்: செல்பேசியை வீட்டில் விட்டுவிட்டேன் என்பது ‘இஷ் ஹாபெ டஸ் ஹேண்டி ட்ஸூ ஹவுஸெ கெலஸ்ஸன்.’ ஆனால் இன்னொரு வினையோடு சேர்ந்தவுடன் அந்த ‘கெ’ உதிர்ந்துவிடும்: ‘இஷ் ஹாபெ மீர் டீ ஹாரெ ஷ்னைடன் லஸ்ஸன்.’ இறந்தகாலம்தான், ஆனால் வினை பார்வைக்கு மூலவடிவத்தில் நிற்கும். ‘ஷ்னைடன் கெலஸ்ஸன்’ என்று சொல்வது வகுப்பில் அதிகம் திருத்தப்படும் பிழைகளில் ஒன்று. குடையை மறந்து வைத்துவிட்டு வந்தேன் என்னும்போது மட்டும் ‘லீகன் லஸ்ஸன்’, ‘லீகன் கெலஸ்ஸன்’ இரண்டும் செல்லும். துணைவினை எப்போதும் ‘ஹாபன்’தான். போனேன், வந்தேன் போன்ற அசைவு வினைகள் தனியாக நிற்கும்போது ‘ஸைன்’ கேட்கும் என்று பாடம் பண்ணியிருப்போம். அவனைப் போக விட்டேன் என்றால் அந்தப் பாடம் செல்லாது, ‘இஷ் ஹாபெ ஈன் கேயன் லஸ்ஸன்.’

சார்புவாக்கியத்தில் இன்னொரு திருப்பம். ஜெர்மனில் ‘வைல்’ போட்டுக் காரணம் சொன்னால் வினைமுற்று கடைசிக்குப் போக வேண்டும் என்பது பாலபாடம். லஸ்ஸன் உள்ளே வந்தால் ‘ஹாபெ’ கடைசிக்குப் போகாமல், வினைக்கூட்டத்துக்கு முன்னால் வந்து நிற்கும்: ‘வைல் இஷ் மீர் டீ ஹாரெ ஹாபெ ஷ்னைடன் லஸ்ஸன்.’ வெட்டிக்கொள்ள வேண்டியிருந்தது என்று ‘ம்யூஸ்ஸன்’ ஒன்றையும் சேர்த்தால் ‘ஹாபெ ஷ்னைடன் லஸ்ஸன் ம்யூஸ்ஸன்’ என்று நான்கு வினைகள் வரிசை கட்டும். ‘வெட்டச் சொல்ல வேண்டியிருந்தது’ என்று நாமும் நான்கு வினைகளைத்தான் கோக்கிறோம், ஆனால் நம்முடையது ஒரே மூச்சில் ஒட்டிக்கொண்டு போவதால் நீளம் தெரிவதில்லை.

திறக்க மாட்டேங்குது

மூன்றாவது பயன்பாடு சின்னது, ஆனால் எனக்கு மிகப் பிடித்தது. ‘டஸ் ஃபென்ஸ்டர் லெஸ்ட் ஸிஷ் நிஷ்ட் ஊஃப்னன்.’ சொல்லுக்குச் சொல் பார்த்தால், ஜன்னல் தன்னைத் திறக்க விடுவதில்லை. திறக்க முடியவில்லை என்பதற்கான செயப்பாட்டு வாக்கியத்தின் இடத்தில் இது வரும். இலக்கணப் புத்தகங்கள் இதைச் செயப்பாட்டுக்குப் பதிலி என்று அடக்கிவிடும். நாம் என்ன சொல்வோம்? ‘ஜன்னல் திறக்க மாட்டேங்குது.’ இரண்டு மொழியும் மரச்சட்டத்துக்கு ஒரு பிடிவாதத்தைக் கொடுத்துவிட்டன. ‘டஸ் லெஸ்ட் ஸிஷ் மஹன்’ என்று அலுவலகத்தில் சொன்னால் செய்துவிடலாம், ஆகக்கூடிய காரியம்தான் என்று பொருள். யார் செய்வார் என்று மட்டும் அந்த வாக்கியம் சொல்லாது. கூட்டத்தில் இதைக் கேட்டுவிட்டு, சொன்னவரே செய்வார் என்று எழுந்து வருபவர்கள் பிறகு வருந்துவார்கள்.

வேர்

லஸ்ஸன் புதுச்சொல் இல்லை, ஜெர்மானிய மொழிகள் எல்லாவற்றிலும் இருக்கும் பொதுச்சொத்து. டச்சில் ‘லாட்டன்’, ஆங்கிலத்தில் ‘லெட்’, ஸ்வீடிஷில் ‘லோட்டா’. மற்ற மொழிகளில் ட் இருக்கும் இடத்தில் ஜெர்மனில் ஸ் வருவது, உயர்ஜெர்மன் மற்றவற்றிலிருந்து பிரிந்தபோது நடந்த மெய்யொலி மாற்றத்தால். வாட்டர்–வஸ்ஸர், ஈட்–எஸ்ஸன், லெட்–லஸ்ஸன் என்று அடுக்கிப் பார்த்தால் காது தானே பிடித்துக்கொள்ளும். இன்னும் பின்னால் போனால் தளர்தல், சோர்தல் என்ற பொருளுள்ள இந்தோ-ஐரோப்பிய வேர். களைத்தவன் என்ற லத்தீன் ‘லஸ்ஸுஸ்’ அதே குடும்பம். பிடி தளர்ந்தால் கையிலிருப்பது போகும், அதுதான் விடுதலின் ஆரம்பம். முதலில் சொன்ன பிரெஞ்சு ‘லெஸ்ஸே’ ஒலியிலும் பொருளிலும் இரட்டைப்பிள்ளைபோல இருந்தாலும் உறவே இல்லை. அது தளர்வான என்ற ‘லக்ஸுஸ்’ வழி வந்தது. தற்செயல் ஒற்றுமையில் ஏமாறச் சொல்லியல் மாதிரி இடம் கிடையாது.

பழைய ஜெர்மனில் இது ‘லாஸ்ஸன்’ என்று நெடிலாக இருந்தது. இடைக்காலத்தில் சுருங்கி ‘லான்’ என்றும் ஒரு வடிவம் ஓடியது. எழுத்து ஜெர்மன் அதைக் கைவிட்டது, சுவிஸ் பேச்சு கைவிடவில்லை. அங்கே ‘லா’தான், அதுவும் இரட்டித்து வரும்: அவன் என்னைத் தூங்க விடுகிறான் என்பதற்கு ‘எர் லாட் மி லா ஷ்லாஃபெ.’ சூரிச்சிலும் பெர்னிலும் வாழும் இலங்கைத் தமிழரின் பிள்ளைகள் தெருவில் இந்த ‘லா’வைப் பேசிவிட்டு, பள்ளிக்குப் போய்த் தாளில் லஸ்ஸன் எழுதுகிறார்கள்.

நான்காம் நூற்றாண்டில் கோத்தியம் என்ற பழைய ஜெர்மானிய மொழியில் விவிலியத்தைப் பெயர்த்தபோது, எங்கள் கடன்களை மன்னியும் என்ற இடத்துக்கு ‘அஃப்லேட் உன்ஸ்’ என்று எழுதினார்கள். அஃப்–லேட், அதாவது அப்–லஸ்ஸன்: எங்கள்மேல் வைத்திருக்கும் பிடியை விட்டுவிடும். அந்த அப்லஸ்தான் பின்னாளில் பாவத்தின் தண்டனையைக் குறைத்துத் திருச்சபை கொடுத்த சலுகைக்குப் பெயரானது, சலுகை காசுக்குக் கைமாறத் தொடங்கியது, 1517-இல் மார்ட்டின் லூதர் 95 கூற்றுகளோடு எதிர்த்து நின்றதும் அதையே. ஒரு மொழி மன்னிப்பை ‘விட்டுவிடுதல்’ என்று சொல்லும்போது விலை எதுவும் ஒட்டியிருக்கவில்லை. ஆனால் இன்றைய ஜெர்மன் கடையில் ‘ப்ரைஸ்நாஹ்லஸ்’ என்றால் விலைக்குறைப்பு. ‘நாஹ்லஸ்’ தனியாக நின்றால் செத்தவர் விட்டுச்சென்ற சொத்து. நாமும் ‘விலையில கொஞ்சம் விட்டுக்குடுங்க’ என்றுதானே கேட்கிறோம்.

முன்னொட்டுகளின் கதை இப்படி நீண்டுகொண்டே போகும், இரண்டு மட்டும் போதும். ‘எர்லஸ்ஸன்’ என்றால் சட்டத்தைப் பிறப்பித்தல். அதே எர்லஸ்ஸன், தண்டனையை, கடனைத் தள்ளுபடி செய்தல். அதிகாரத்திலிருந்து ஒன்றை வெளியே விட்டால் ஆணை, ஒருவரை அதிலிருந்து வெளியே விட்டால் தள்ளுபடி. என்ன செயப்படுபொருள் என்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ‘ஃபெர்லஸ்ஸன்’ என்றால் கைவிட்டுப் போதல். ‘ஸிஷ் ஃபெர்லஸ்ஸன்’ என்று தன்னைச் சேர்த்து, பின்னால் ‘அவுஃப்’ போட்டால் நம்பியிருத்தல். ‘ஃபெர்லஸ் மிஷ் நிஷ்ட்’ என்னை விட்டுப் போகாதே. ‘ஃபெர்லஸ் டிஷ் அவுஃப் மிஷ்’ என்னை நம்பு. ‘உன்மேல பாரத்தைப் போட்டேன்’ என்பார்களே, அப்படித் தன்னையே இன்னொருவர்மேல் விட்டுவிடுவதுதான் அந்த நம்பிக்கை.

சாக விடு, கொல்லச் சொல்

முதல் கேள்விக்கு வருவோம். இரண்டு வாக்கியங்களை அருகருகே வைத்தால்தான் முடிச்சு அவிழ்கிறது. ‘எர் லீஸ் ஈன் ஷ்டெர்பன்’, ‘எர் லீஸ் ஈன் டூட்டன்’. முன்னது, அவனைச் சாக விட்டான். பின்னது, அவனைக் கொல்லச் சொன்னான். லீஸ் இரண்டிலும் ஒன்றே. மாறியது உள்ளே இருக்கும் வினை. சாவு தானாக நடக்கும், தூக்கம் தானாக வரும், தண்ணீர் தானாகக் கொதிக்கும்; அப்படிப்பட்ட வினை உள்ளே இருந்தால் லஸ்ஸன் ‘விடு’ ஆகிறது. கொல்ல ஒரு கை வேண்டும், வெட்ட ஒரு கை வேண்டும், கட்ட ஒரு கை வேண்டும். அந்தக் கை எழுவாயுடையது இல்லை என்பதால் லஸ்ஸன் ‘செய்யச் சொல்’ ஆகிறது. அனுமதியா கட்டளையா என்பதை இந்த வினை சொல்லவே முயலவில்லை. அது சொல்வது ஒன்றே ஒன்று: காரியம் நடந்தது, என் கணக்கில் நடந்தது, என் கை படவில்லை.

இப்படிப் பார்த்தால் வழக்கமான விதிவிலக்குகளும் அடங்கிவிடுகின்றன. ‘ஸீ லெஸ்ட் ஈன் வார்ட்டன்’ என்றால் அவள் அவனைக் காக்க வைக்கிறாள். காத்திருப்பது தானாக நடப்பதுதான், ‘விடு’ என்று வந்திருக்க வேண்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள், அவனைக் காக்க வைக்க அவள் என்ன செய்தாள்? வராமல் இருந்தாள், அவ்வளவுதான். கை படாமல் காக்க வைத்தாள். மறுபக்கம், ஒருவர் நேரடியாக நகைச்சுவை சொல்லி என்னைச் சிரிக்க வைத்தால் அங்கே லஸ்ஸன் போடக்கூடாது, ‘எர் ப்ரிங்ட் மிஷ் ட்ஸும் லஹன்’ என்று ‘கொண்டுவா’ என்ற வினைதான் வரும். தமிழ் ‘வை’ இருக்கும் இடத்தில் எல்லாம் லஸ்ஸன்னை வைப்பவர்கள் விழும் இரண்டாவது குழி இது. எழுத்து நடையில் உயிரற்ற எழுவாயோடு லஸ்ஸன் வரும், ‘டீ நாஹ்ரிஷ்ட் லீஸ் ஈன் எர்ப்ளைஷன்’, அந்தச் செய்தி அவனை வெளிறச் செய்தது. செய்திக்கு ஏது கை.

சாக விடுவதும் கொல்வதும் இலக்கண வகுப்போடு நிற்கவில்லை. சிகிச்சையைத் தொடராமல் நோயாளியை அவர் போக்கில் இறக்க விடுவதை ஜெர்மன் சட்ட உலகம் நெடுங்காலம் ‘பஸ்ஸீவெ ஷ்டெர்பெஹில்ஃபெ’, செயலற்ற மரண உதவி, என்று அழைத்தது. 2006-இல் அன்றைய தேசிய அறநெறிக் குழு அந்தச் சொல்லைக் கைவிட்டு ‘ஷ்டெர்பன்லஸ்ஸன்’, சாகவிடுதல், என்று சொல்லுமாறு பரிந்துரைத்தது. வகுப்பறை வாக்கியத்தின் இரண்டு வினைகள் ஒட்டிக்கொண்டு ஒரு கலைச்சொல் ஆகிவிட்டன. ஆனால் கை படவில்லை என்ற லஸ்ஸன்னின் அடிப்படை நிபந்தனை மருத்துவமனையில் எவ்வளவு தூரம் செல்லும்? உணவேற்றும் குழாயைப் பொருத்தாமல் இருப்பது சாகவிடுதல். பொருத்திய குழாயை எடுப்பது? அதற்குக் கை வேண்டுமே.

இதே கேள்வி 2010-இல் கூட்டாட்சி உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. பல ஆண்டுகள் நினைவின்றிக் கிடந்த ஒரு மூதாட்டி, குழாய் வழி உயிர் பிடித்துவைப்பதை விரும்பவில்லை என்று முன்பே வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். பராமரிப்பு இல்லம் மறுபடி உணவேற்றத் தொடங்கவே, வழக்கறிஞரின் ஆலோசனைப்படி மகள் குழாயை வெட்டினார். கீழ்நீதிமன்றம் வழக்கறிஞருக்குக் கொலை முயற்சி வகையில் தண்டனை கொடுத்தது. வெட்டுவது செயல், விடுவதல்ல என்ற வாதம். ஜூன் 25 அன்று உச்சநீதிமன்றம் அவரை விடுவித்தது. நோயாளியின் விருப்பப்படி, நோயை அதன் போக்கில் விடுவதற்காகச் சிகிச்சையை நிறுத்துவது என்றால், அது கையால் செய்ததா, செய்யாமல் இருந்ததா என்ற வேறுபாடு முடிவு செய்யாது என்பது தீர்ப்பின் சாரம். கத்தரிக்கோலைப் பிடித்த கையும் லஸ்ஸன்னுக்குள் வர முடியும் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதாகத்தான் ஒரு மொழிக்காரர் இதைப் படிப்பார். நோயாளியைக் கொண்டுபோவது நோய், கை தடையை மட்டும் விலக்கியது.

கை படாதவர் தப்பிவிடுவார் என்று அர்த்தமில்லை. செய்யாமல் விடுவதற்கு ஜெர்மன் ‘உன்டர்லஸ்ஸன்.’ குற்றவியல் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, தடுக்க வேண்டிய சட்டப் பொறுப்புள்ளவர் தடுக்காமல் விட்டால் செய்ததற்குச் சமமாக எடுத்துக்கொள்கிறது. பெற்றோர் குழந்தையைப் பட்டினி கிடக்க விட்டால் அது செயல்தான். பொறுப்பே இல்லாத வழிப்போக்கருக்கும் 323சி பிரிவு இருக்கிறது: விபத்தில் உதவக்கூடிய நிலையில் இருந்தும் உதவாமல் விட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். கவனக்குறைவுக்கான சட்டச்சொல் ‘ஃபார்லெஸ்ஸிஷ்’, அதற்குள்ளும் லஸ்ஸன் இருக்கிறது. குடிமைச் சட்டத்தின் 276-ஆம் பிரிவு அதை விளக்கும்போது, தேவையான கவனத்தை ‘அவுஸர் அஹ்ட் லெஸ்ட்’, கருத்தில் கொள்ளாமல் விடுபவர் என்று மறுபடி அதே வினையைத்தான் எடுக்கிறது. மாவு எழும்பாததற்குச் சமைத்தவரைத் திட்டும் நியாயம்தான் இது.

கெலஸ்ஸன்

இறந்தகால வாக்கியத்தில் ‘கெ’ உதிர்ந்துபோனதாகச் சொன்ன அந்த எச்சம் தனியே ஒரு பெயரடையாக வாழ்கிறது. ‘கெலஸ்ஸன்’ என்றால் பதற்றமில்லாதவர், நிதானமானவர். சொல்லின் உள்ளே பார்த்தால், விட்டுவிட்டவர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மைஸ்டர் எக்ஹார்ட் என்ற துறவி ‘கெலாஸ்ஸென்ஹைட்’ என்று பேசியபோது, அது தன்னையும் தன் விருப்பத்தையும் முழுக்க விட்டுவிடும் ஆன்மீக நிலை. 1955-இல் தத்துவவாதி ஹைடெகர் தன் சொந்த ஊரான மெஸ்கிர்ஷில் நிகழ்த்திய உரையில் அதே சொல்லை எடுத்து, தொழில்நுட்பக் கருவிகளைப் பயன்படுத்திக்கொண்டே அவற்றின் பிடிக்குள் போகாமல் இருக்கும் மனநிலைக்கு வைத்தார். இன்றைக்கு ரயில் தாமதமானால் கத்தாமல் நிற்பவரும் கெலஸ்ஸன்தான். பொருள் எவ்வளவு கீழிறங்கியிருக்கிறது என்று சிலர் வருத்தப்படுவார்கள். அறம், பொருள், இன்பம் என்று சொல்லி நான்காவதாக ‘வீடு’ என்று விடுதலில் பிறந்த சொல்லை வைத்த நாம், அந்தச் சொல்லுக்கு மாத வாடகையும் முன்பணமும் வாங்குகிறோம். ஜெர்மன்காரர்களை ஒன்றும் சொல்வதற்கில்லை.

இனி அந்த ஆசிரியர். ‘டெர் லேரர் லெஸ்ட் டீ ஷ்யூலர் ஷ்ரைபன்’ என்பதில் ஷ்ரைபன்னுக்குக் கை வேண்டும், கை மாணவர்களுடையது, கணக்கு ஆசிரியருடையது. அனுமதி என்று அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் ஜெர்மன்காரர் வாக்கியத்தைத் திருப்பி ‘டீ ஷ்யூலர் ட்யூர்ஃபன் ஷ்ரைபன்’ என்பார், கட்டாயம் என்றால் ‘ம்யூஸ்ஸன்.’ இரண்டையும் சொல்லாமல் லெஸ்ட்டோடு நிறுத்தினார் என்றால் அவருக்கு அது இங்கே தேவைப்படவில்லை. தமிழில் பெயர்ப்பவருக்கு அந்த வசதி இல்லை. முன்பின் வாக்கியங்களைப் பார்த்துவிட்டு, பெரும்பாலான இடங்களில் ‘எழுதச் சொல்கிறார்’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம்.